ஆடி நீங்கிய ஒளிப்படக் கருவி

முன்னுரை

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை செல்லும் சாலையில், காவிரியின் தென்கரையில் அமைந்துள்ள தொன்மையான ஊர் திருவிடைமருதூர். மகாலிங்கசுவாமி திருக்கோயிலின் நெடிய திருச்சுற்றுகள் அவ்வூரின் பெருமை. மேற்கே பட்டு நெசவுக்குப் பெயர் பெற்ற திருபுவனம். கிழக்கே நெல் ஆராய்ச்சிக்குப் பெயர் பெற்ற ஆடுதுறை. வயல் சூழ்ந்த இப்பகுதியில் அறுவடை முடிந்து நெல் வீடு வந்து சேர்ந்ததும் கல்யாணக் காலம் தொடங்கிவிடும். கோயில் மண்டபமாயினும், பள்ளிவாசலாயினும், தேவாலயமாயினும் மணமக்களுக்கு அடுத்தபடியாக அங்கு இன்றியமையாத மனிதராக நிற்பவர் படம் எடுப்பவரே. அவர் கையிலிருக்கும் கருவி அண்மைக் காலத்தில் மாறிவிட்டது. உருவில் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றுவதால் அம்மாற்றத்தைப் பலரும் கவனிப்பதில்லை.

'டி.எஸ்.எல்.ஆர்.' என வழங்கும் ஆடிவகைக் காமிரா அகன்று, 'மிர்ரர்லெஸ்' எனப்படும் ஆடியில்லாக் காமிரா அவ்விடத்தைப் பற்றியுள்ளது. இது வெறும் நாகரிக மாற்றமன்று. ஒரு கருவி எந்தத் தேவையை நிறைவேற்றப் பிறந்ததோ, அத்தேவை தீர்ந்தபின் அது விடைபெற்றே தீரும் என்னும் உண்மையை விளக்கும் சிறந்த சான்று இஃது. ஆடி ஏன் வந்தது, ஏன் இத்துணைக் காலம் நிலைத்தது, ஏன் அகன்றது, அதனால் நம் ஊர்க் கலைஞர்க்கு நேர்வது யாது என்பனவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

இருட்டறையும் ஆடியும்

'காமிரா' என்னும் சொல்லுக்கு இலத்தீன் மொழியில் அறை என்பதே பொருள். இருண்ட அறையின் சுவரில் சிறு துளையிட்டால், வெளியே உள்ள காட்சி எதிர்ச்சுவரில் தலைகீழாக விழும். இவ்வியல்பைச் சோதனை வழியே ஆராய்ந்தவர்களுள் தலைசிறந்தவர் பஸ்ராவில் பிறந்து, கெய்ரோவில் வாழ்ந்து, 11ஆம் நூற்றாண்டில் மறைந்த அறிஞர் இப்னுல் ஹைதம். ஒளியியல் பற்றி அவர் இயற்றிய 'கிதாபுல் மனாழிர்' ஏழு பகுதிகள் கொண்டது. இலத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பிய அறிஞர்களுக்கு வழிகாட்டியது. சூரிய கிரகணத்தின்போது சிறுதுளை வழியே விழும் பிறை வடிவப் பிம்பத்தைப் பற்றியும் அவர் தனி நூல் எழுதியுள்ளார். இன்றைய காமிரா அனைத்தும் அவ்விருட்டறையின் வழித்தோன்றல்களே.

இருட்டறைக்குள் ஒளியால் மாறும் வேதிப்பொருளை வைத்து, விழும் பிம்பத்தை நிலைநிறுத்தக் கற்றதும் ஒளிப்படக்கலை பிறந்தது. கூடவே ஒரு சிக்கலும் பிறந்தது. படச்சுருளின்மீது ஒளி பட்டால் அது பதிவாகிவிடும். ஆகவே படம் எடுக்கும் அந்தக் கணம்வரை அதனை இருளிலேயே வைத்திருத்தல் வேண்டும். அங்ஙனமாயின் லென்சு காணும் காட்சியைப் படம் எடுப்பவர் முன்கூட்டியே காண்பது எவ்வாறு? கருவியின் ஓரத்தில் தனியே ஒரு சிறு சன்னல் வைத்துப் பார்க்கலாம். ஆனால் அச்சன்னல் காண்பதும் லென்சு காண்பதும் ஒன்றல்ல. அருகில் உள்ள பொருளைப் படம் எடுக்கையில் இவ்வேறுபாடு பெரிதாகும். பார்க்கும்போது முழுமையாய்த் தெரிந்த தலை, படத்தில் பாதியாய் வெட்டுண்டு நிற்கும்.

இச்சிக்கலைத் தீர்க்க வந்ததே ஆடி. லென்சுக்கும் படச்சுருளுக்கும் நடுவே 45 பாகைச் சாய்வில் ஒரு கண்ணாடியை நிறுத்தினர். லென்சு வழியே வந்த ஒளி அதன்மேல் பட்டு மேலே திரும்பி, தேய்த்த கண்ணாடித் திரையில் பிம்பமாக விழும். அதற்கு மேலுள்ள ஐமுகப் பட்டகம் அப்பிம்பத்தை நேராக்கிக் கண்ணுக்குக் காட்டும். பொத்தானை அழுத்தியதும் ஆடி மேலே தாவும், ஷட்டர் திறக்கும், படச்சுருள் ஒளி பெறும், ஷட்டர் மூடும், ஆடி மீண்டும் இறங்கும். நாம் நன்கறிந்த 'களக்' என்னும் ஓசை பெரிதும் அவ்வாடியின் ஓசையே. காட்சியைக் கண்ணுக்கும் படச்சுருளுக்கும் மாறிமாறிப் பங்கிட்டுக் கொடுக்கும் வாயிற்காவலன் அவ்வாடி எனலாம்.

ஆடியின் பொற்காலம்

1936இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரிலிருந்து வெளிவந்த 'கினே எக்சாக்டா', 35 மி.மீ. படச்சுருளுக்கான ஆடிவகைக் காமிராக்களுள் முன்னோடியாகும். 1949இல் வந்த 'கான்டாக்ஸ் எஸ்', ஐமுகப் பட்டகத்தைச் சேர்த்துக் காட்சியை நேராகக் காட்டியது. தொடக்கக் காலக் கருவிகளில் படம் எடுத்தபின் ஆடி மேலேயே நின்றுவிடும். அடுத்த படத்திற்குச் சுருளை நகர்த்தும்வரை காட்சி இருண்டிருக்கும். 1954இல் ஜப்பானின் அசாகி நிறுவனம் உடனே இறங்கும் ஆடியை வழக்கிற்குக் கொண்டுவந்தது. 1959இல் 'நிக்கான் எஃப்' வெளிவந்தபின் உலகச் செய்தியாளர்களின் கருவி ஆடிவகையே என்றாயிற்று. நம் ஊர் ஸ்டுடியோக்களிலும் பிற்காலத்தில் இவ்வகையே பரவியது.

படச்சுருள் மறைந்தும் நிலைத்த ஆடி

ஒளியை மின்னாக மாற்றும் 'சி.சி.டி.' என்னும் உணரியை 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வில்லார்ட் பாயில், ஜார்ஜ் ஸ்மித் ஆகிய இருவரும் கண்டறிந்தனர். அதன் பொருட்டு 2009இல் நோபல் பரிசின் பங்கைப் பெற்றனர். 1975இல் கோடக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் முதல் டிஜிட்டல் காமிராவை உருவாக்கினார். ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை ஒலிநாடாப் பேழையில் பதிய அதற்கு 23 நொடிகள் தேவைப்பட்டன. 1991இல் கோடக் நிறுவனம் நிக்கான் எஃப்3 உடலில் உணரியைப் பொருத்தி விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1999இல் நிக்கான் டி1 வெளிவந்தது. 2003இல் ஆயிரம் டாலருக்கும் குறைந்த விலையில் கேனன் 300டி வெளிவந்தது. படச்சுருளின் ஆட்சி முடிவுக்கு வந்தது.

இங்கு நாம் கருதிப் பார்க்கத்தக்கது ஒன்றுண்டு. உணரி என்பது படச்சுருள் அன்று. அதன்மேல் ஒளி பட்டால் அது கெட்டுப்போவதில்லை. ஒரு நொடியில் பன்முறை பதிந்தும் அழித்தும் புதிதாய்க் காணவல்லது. எனவே அதனை இருளில் மறைத்து வைக்கவேண்டிய தேவையே இல்லை. தேவை இல்லையெனில் ஆடியும் வேண்டியதில்லை. ஆயினும் ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஆடி நீடித்தது. அதற்குத் தக்க காரணங்கள் இருந்தன. அக்காலத்து உணரிகள் இடையறாது இயங்கினால் சூடேறும். மின்திரைகள் மங்கலாகவும் தாமதமாகவும் காட்டின. ஆடிப் பெட்டியின் அடியிலிருந்த தனி உணரியே குவியத்தை விரைந்து கணக்கிட வல்லதாயிருந்தது. மேலும், அவ்வளவு காலமாகச் சேர்ந்துவிட்ட லென்சுகள் அனைத்தும் ஆடிக்கு இடம்விட்டு வடிவமைக்கப்பட்டவை.

ஆடியின் முடிவை முன்னறிவித்தது டி.எஸ்.எல்.ஆர். கருவியே என்பது வியப்புக்குரியது. 2008இல் நிக்கான் டி90, கேனன் 5டி மார்க் 2 ஆகியன வெளிவந்தன. இவற்றுள் பின்னது முழு எச்.டி. தரத்தில் வீடியோ எடுக்கவும் வல்லது. குறைந்த செலவில் திரைப்படத் தோற்றம் கிட்டியதால் கல்யாண வீடியோக் கலையே மாறிற்று. ஆனால் வீடியோ எடுக்கும்போது இக்கருவிகள் செய்வது யாது? ஆடியை மேலே தூக்கி நிறுத்திவிட்டு, உணரி காண்பதைப் பின்திரையில் காட்டுகின்றன. அதாவது, வீடியோ ஓடும் நேரமெல்லாம் அவை ஆடியில்லாக் காமிராக்களாகவே இயங்கின!

ஆடியில்லாக் கருவியின் வருகை

அதே 2008ஆம் ஆண்டில் பானசோனிக் நிறுவனத்தின் ஜி1 வெளிவந்தது. கண்ணை வைத்துப் பார்க்கும் இடத்தில் பட்டகத்திற்குப் பதிலாகச் சிறு மின்திரை. உள்ளே ஆடி இல்லை. 2013இல் சோனி நிறுவனம் 35 மி.மீ. படச்சட்டத்தின் முழு அளவுடைய உணரியோடு ஏ7 வரிசையைத் தொடங்கியது. நெடுங்காலம் தயங்கி நின்ற நிக்கானும் கேனனும் 2018இல் முறையே இசட், ஆர் வரிசைகளை வெளியிட்டன. 2021ஆம் ஆண்டின் இறுதியில் வந்த நிக்கான் இசட்9, ஆடியோடு அசையும் ஷட்டரையும் துறந்தது.

ஜப்பானியக் காமிராத் தொழில் சங்கமான 'சிப்பா'வின் கணக்குகள் இவ்வீழ்ச்சியைத் தெளிவாகக் காட்டுகின்றன. 2012இல் ஏறத்தாழ 1 கோடியே 62 இலட்சம் டி.எஸ்.எல்.ஆர். காமிராக்கள் அனுப்பப்பட்டன. 2020இல் அது ஏறத்தாழ 24 இலட்சமாயிற்று. அவ்வாண்டே ஆடியில்லா வகை ஏறத்தாழ 29 இலட்சத்தை எட்டி முதன்முறையாக முந்தியது. 2023இல் ஆடிவகை 12 இலட்சத்திற்கும் கீழே இறங்க, ஆடியில்லா வகை 48 இலட்சத்தைத் தாண்டியது. கேனன், நிக்கான் இரண்டும் 2020க்குப் பின் உயர்நிலை டி.எஸ்.எல்.ஆர். எதனையும் புதிதாக வெளியிடவில்லை. பென்டாக்ஸ் மட்டுமே ஆடிவகையை விடாது பற்றி நிற்கிறது.

மற்றோர் உண்மையையும் மறத்தலாகாது. 2010இல் எல்லா வகையும் சேர்ந்து 12 கோடிக்கு மேல் விற்ற டிஜிட்டல் காமிராக்கள், 2023இல் 80 இலட்சத்திற்கும் குறைந்தன. பெரும்பகுதியைக் கவர்ந்துகொண்டது கைப்பேசி. எஞ்சிய சிறு சந்தையில் நடைபெறுவதே ஆடிக்கும் ஆடியின்மைக்குமான போட்டி.

நன்மைகள்

புதிய கருவியின் பயன்களை நம் பகுதி நிகழ்ச்சிகளைக் கொண்டே விளக்கலாம். முதலாவது, அமைதி. தாலி கட்டும் நேரத்துக் கெட்டிமேளத்தில் ஆடியின் ஓசை எவர் செவியிலும் விழாது. ஆனால் நிக்காஹ் மஜ்லிசில் குத்பா முடிந்து, மணமகன் ஒப்புதல் மொழி கூறும் வேளையில் சபை முழுதும் மூச்சடக்கிக் கேட்டிருக்கும். அவ்வேளையில் தொடர்ந்து எழும் 'களக் களக்' ஓசை காதை உறுத்தும். ஆடியில்லாக் கருவியில் மின் ஷட்டரைப் பயன்படுத்தினால் சிறிதும் ஓசையின்றிப் படம் எடுக்கலாம்.

இரண்டாவது, எடுக்கப்போகும் படத்தின் ஒளியளவை முன்கூட்டியே காணுதல். சித்திரை வெயில் கொளுத்தும் முற்றத்திலிருந்து இருண்ட திருச்சுற்றுக்குள் மணமக்கள் நுழையும்போது ஒளி சட்டென மாறும். ஆடிவகையில் படம் எடுத்தபின்னரே வெளுத்துப்போயிற்றா, கறுத்துப்போயிற்றா என்பது தெரியும். புதிய வகையிலோ பதிவாகப்போகும் ஒளியளவு எடுப்பதற்கு முன்னரே கண்முன் தெரியும். தேவையான திருத்தத்தை உடனே செய்துகொள்ளலாம்.

மூன்றாவது, குவியத்தின் துல்லியம். ஆடிவகையில் குவியத்தைக் கணக்கிடும் உணரி வேறு. படத்தைப் பதியும் உணரி வேறு. இரண்டிற்குமிடையே நுண்ணிய பிசகு நேர்ந்தால் கண்ணுக்குப் பதிலாகக் காதணி தெளிவாய் விழும். புதிய வகையில் பதியும் உணரியே குவியத்தையும் கணக்கிடுகிறது. மனிதரின் கண்ணை இனங்கண்டு தொடரவும் செய்கிறது. தைப்பூசத் தீர்த்தவாரியன்று காவிரித் துறையில் திரளும் கூட்டத்தில் ஒரு முகத்தைப் பின்தொடர வேண்டியவர்க்கு இதன் அருமை புரியும்.

நான்காவது, லென்சு வடிவமைப்பில் கிட்டிய உரிமை. ஆடி அசைய இடம் வேண்டியிருந்ததால், லென்சு பொருந்தும் வளையத்திற்கும் உணரிக்கும் இடையே நிக்கான் 46.5 மி.மீ., கேனன் 44 மி.மீ. இடைவெளி விட்டன. புதிய வரிசைகளில் அது முறையே 16, 20 மி.மீ. ஆகச் சுருங்கியது. லென்சின் பின்முகம் உணரியை நெருங்க முடிவதால், விரிகோண லென்சுகளைச் சிறப்பாகவும் சிறிதாகவும் அமைக்க இயல்கிறது.

குறைகள்

ஒரு பக்கம் மட்டும் கூறுதல் நேர்மையாகாது. உணரியும் மின்திரையும் இடைவிடாது இயங்குவதால் மின்கலம் விரைவில் தீரும். சிப்பா அளவீட்டின்படி நிக்கான் டி850 ஒரு மின்கலத்தில் 1,840 படங்கள் எடுக்கும். அதன் ஆடியில்லா இணையான இசட்7 எடுப்பது 330 மட்டுமே. நடைமுறையில் இதனினும் மிகுதியாக எடுக்கலாம் எனினும், முந்தைய நாள் நிச்சயதார்த்தம் தொடங்கி மறுநாள் பந்தி வரை உழைப்பவர் பையில் மூன்று நான்கு மின்கலங்கள் இல்லாமல் தீராது.

மின் ஷட்டர் உணரியை வரிவரியாகப் படிப்பதால், கல்யாண மண்டபத்து எல்.இ.டி. விளக்குகளின் கீழ்ப் படத்தில் பட்டை பட்டையாகக் கோடுகள் விழுவதுண்டு. முழு உணரியையும் ஒரே கணத்தில் படிக்கும் சோனி ஏ9 மார்க் 3 இக்குறையைக் களைந்தது. ஆயினும் அதன் விலை சிற்றூர் ஸ்டுடியோவுக்கு எட்டாதது. மேலும், முன்னே ஆடி இல்லாமையால் லென்சு மாற்றும்போது உணரி வெளியே தெரிகிறது. அறுவடைக் காலத்துத் தூசி அதன்மேல் எளிதில் படியும்.

எல்லாவற்றினும் பெரிய குறை செலவு. நல்ல உடலும் இரண்டு லென்சுகளும் வாங்கச் சில இலட்சம் ரூபாய் வேண்டும். கல்யாணக் காலத்து வருவாயை நம்பிக் கடன் பெற்றுக் கருவி வாங்கியவருக்கு, கடன் முடியுமுன்னரே கருவி பழமையாகிவிடுவது எத்துணை வேதனை! பழைய டி.எஸ்.எல்.ஆரின் மறுவிற்பனை விலையும் சரிந்துவிட்டது.

எனினும் ஓர் ஆறுதல் உண்டு. இடைவெளி சுருங்கியதால், குறைந்த அளவுக்கு நீளமான ஒரு குழாயை இடையே பொருத்தினால் பழைய லென்சு புதிய உடலில் பொருந்தும். நிக்கானுக்கு 46.5இலிருந்து 16ஐக் கழித்தால் 30.5 மி.மீ.; கேனனுக்கு 44இலிருந்து 20ஐக் கழித்தால் 24 மி.மீ. 'அடாப்டர்' என்பது இதுவே. கேனனின் பழைய இ.எஃப். லென்சுகள் இதன்வழி நன்கு இயங்குகின்றன. நிக்கானில் மட்டும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும்: உடலிலுள்ள மோட்டாரால் சுழற்றப்படும் பழைய 'டி' வகை லென்சுகள் பொருந்தும், ஆனால் நிக்கானின் அடாப்டரில் அவற்றின் தானியங்கிக் குவியம் இயங்காது. இதனை அறியாது வாங்கி வருந்துதல் கூடாது.

உதகை தரும் பாடம்

தேவை மறையும்போது அதனைச் சார்ந்த தொழில் என்னாகும் என்பதற்குத் தமிழகத்திலேயே சான்றுண்டு. இந்தியாவுக்கு வேண்டிய படச்சுருளை இங்கேயே செய்துகொள்ளும் நோக்கத்தோடு 1960இல் நிறுவப்பட்டது உதகமண்டலம் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ். 1967இல் உற்பத்தி தொடங்கிய அம்மத்திய அரசு ஆலையின் 'இந்து' படச்சுருள் நாடெங்கும் சென்றது. எக்ஸ்ரே படச்சுருளும் அங்குச் செய்யப்பட்டது. ஆயிரக்கணக்கானோர்க்கு வாழ்வளித்த அவ்வாலை 1990களின் நடுவே நலிவுற்ற நிறுவனமாயிற்று. பின்னர் டிஜிட்டல் வெள்ளம் படச்சுருளின் தேவையையே அடித்துச் சென்றது. 2014இல் ஆலையை மூடவும், தொழிலாளர்க்கு விருப்ப ஓய்வு அளிக்கவும் மத்திய அமைச்சரவைக் குழு ஒப்புதல் தந்தது. முதல் டிஜிட்டல் காமிராவை ஈன்ற கோடக் நிறுவனமே 2012இல் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றத்தை நாடிற்று. பேராலைகளுக்கே இந்நிலை எனில், ஒரே கருவியை நம்பி வாழும் தனி மனிதர் விழிப்புடன் இருக்கவேண்டியதைக் கூறவும் வேண்டுமோ?

எஞ்சி நிற்பது எது?

கருவிகள் மாறினும் மாறாத மதிப்புடையது படமே. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராயிருந்த கேப்டன் லின்னேயஸ் டிரைப் 1858இல் தஞ்சைக்கு வந்தார். பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாகப் படம் எடுத்து, 21 படங்களை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். அவர் பயன்படுத்தியது காகித நெகட்டிவ். அம்முறை மறைந்து நெடுங்காலமாயிற்று. அப்படம் இன்றும் வாழ்கிறது. 1955இல் நிறுவப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் தென்னிந்தியக் கோயில்களைப் படம் எடுத்து, ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட படங்களைத் தொகுத்து வைத்துள்ளது. திருப்பணியால் உருமாறிய கோயில்களின் பழைய தோற்றத்தை ஆய்வாளர் இத்தகைய தொகுப்புகளிலேயே தேடுகின்றனர்.

இக்காலத்தில் ஒரு கல்யாணத்திற்குப் பல ஆயிரம் படங்கள் எடுக்கப்படுகின்றன. அவற்றுள் அச்சாகி ஆல்பத்தில் ஏறுபவை சிலவே; ஏனையவை வன்தட்டில் உறங்குகின்றன. தட்டு பழுதுபட்டால் ஒரு குடும்பத்தின் நினைவே அழிந்துபோகும். பாட்டியின் பெட்டியில் கிடந்த மங்கிய அட்டைப்படம் அறுபது ஆண்டு கடந்தும் முகம் காட்டுகிறது. அறுபது மாதத்திற்கு முன் எடுத்த டிஜிட்டல் படமோ தேடியும் கிடைப்பதில்லை. ஆடி அகன்றதைவிட இதுவே நாம் கவலை கொள்ளவேண்டிய இழப்பு.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், ஆடி ஒரு குறையால் வீழ்ந்ததன்று என்பது விளங்கும். படச்சுருளை இருளில் காக்கும் பணியைப் பழுதின்றிச் செய்து, அப்பணி இல்லாதபோது ஓய்வு பெற்றது. அதன் நேர்மையான உழைப்பை நாம் போற்றுதல் தகும்.

நம் பகுதிக் கலைஞர்க்கு நாம் கூற விழைவன மூன்று. கையிலுள்ள டி.எஸ்.எல்.ஆர். பழுதின்றி உழைக்கும்வரை அதனைத் துறக்க வேண்டியதில்லை. 2008இல் அழகான படம் தந்த கருவி இன்றும் தரும். புதிதாக வாங்குவோர் ஆடியில்லா வகையையே நாடுதல் நன்று. இனிவரும் லென்சுகள் பெரும்பாலும் அதற்கே உரியன. எக்கருவியில் எடுப்பினும் படங்களை இரண்டு மூன்று இடங்களில் சேமித்து, சிறந்தவற்றைத் தாளில் அச்சிட்டு உரியவர் கையில் சேர்ப்பித்தல் கடமை.

லென்சுக்குப் பின்னே ஆடி நிற்பினும் நீங்கினும், அதற்கும் பின்னே நிற்பது மனிதரின் கண். எந்தக் கணத்தில் பொத்தானை அழுத்தவேண்டும் என்பதை அறிந்த அக்கண்ணைப் பயிற்றுவதே கலை. அப்பயிற்சி பெற்ற இளைஞர்கள் காவிரிப் படுகையின் ஊர்தோறும் தோன்றி, இம்மண்ணின் முகங்களை வருங்காலத்திற்குக் காத்துத் தருவார்களாக!